கவுண்டி விட்டுக் கவுண்டி: அமெரிக்கர்கள் ஏன் இடம் மாறுகிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மக்கள்தொகையை மாநிலவாரியாகப் பேசினால், டெக்ஸாஸ் பெருகுகிறது, கலிஃபோர்னியா தேய்கிறது என்ற அளவில் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அதே டெக்ஸாஸின் 254 கவுண்டிகளில் (மாநிலத்துக்கு உட்பட்ட, நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) பாதிக்கும் மேற்பட்டவை 2010-க்கும் 2020-க்கும் இடையே மக்களை இழந்துள்ளன. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான்: அந்தப் பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகை 7.4 சதவீதம் உயர்ந்தபோதும், ஏறத்தாழ 52 சதவீதக் கவுண்டிகளில் அது குறைந்தது. ஆகவே இந்தப் பக்கத்தில் உள்ள விடைகள் கவுண்டி அளவிலேயே நின்று பேசுகின்றன.

கவுண்டி என்பது எவ்வளவு பெரிய அலகு?

ஒரே அளவு என்று எதுவும் இல்லை. நாட்டில் 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகளும் அவற்றுக்கு இணையான அலகுகளும் உள்ளன. 2020 கணக்கெடுப்பின்படி கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் 1 கோடிக்கும் மேற்பட்டோர் வசித்தனர். டெக்ஸாஸின் லவிங் கவுண்டியில் வசித்தவர்கள் 64 பேர். லூயிசியானாவில் இந்த அலகுக்குப் பாரிஷ் என்றும் அலாஸ்காவில் பரோ என்றும் பெயர். வர்ஜீனியாவில் 38 நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராமல் தனித்து நிற்கின்றன. கனெக்டிகட்டில் கவுண்டி அரசுகள் 1960-லேயே கலைக்கப்பட்டுவிட்டதால், 2022 முதல் அங்குள்ள 9 திட்டமிடல் வட்டாரங்களைக் கவுண்டிக்கு இணையாகக் கணக்கெடுப்பு அலுவலகம் ஏற்றுக்கொண்டுள்ளது.

இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தும் ஆய்வாளர்கள் இந்த அலகை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், அதன் எல்லை அபூர்வமாகவே மாறுகிறது என்பதுதான். நகரங்கள் அக்கம்பக்கத்து நிலங்களைச் சேர்த்துக்கொண்டே போகும். கவுண்டி பெரும்பாலும் நூறாண்டுகளுக்கு முன்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் 1900-ஆம் ஆண்டின் எண்ணையும் 2020-இன் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

ஒரு கவுண்டியின் மக்கள்தொகை எந்த வழிகளில் மாறுகிறது?

பிறப்பு, இறப்பு, உள்நாட்டு இடம்பெயர்வு, வெளிநாட்டு இடம்பெயர்வு என நான்கே வழிகள்தான். பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் கிடைப்பது இயற்கைப் பெருக்கம். வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் கிடைப்பது நிகர இடம்பெயர்வு.

இந்த இரண்டும் ஒரே திசையில் செல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபுளோரிடாவின் சம்டர் கவுண்டியில் "தி வில்லேஜஸ்" என்ற மிகப் பெரிய ஓய்வுபெற்றோர் குடியிருப்பு உள்ளது. அக்கவுண்டியில் வசிப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள் என்பதால், பிறப்பைவிட இறப்பே ஆண்டுதோறும் அதிகம். ஆயினும் 2010-இல் 93,420 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 1,29,752 ஆனது. ஒவ்வோர் ஆண்டும் குளிர்மாநிலங்களிலிருந்து புதிய ஓய்வூதியர்கள் வந்திறங்கிக்கொண்டே இருப்பதுதான் இதற்குக் காரணம்.

கோவிட் பரவியிருந்த காலத்தை உள்ளடக்கிய 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், நாட்டின் கவுண்டிகளில் 73 சதவீதத்திற்கும் மேற்பட்டவற்றில் இறப்பு பிறப்பை மிஞ்சியது. இயற்கைப் பெருக்கம் இப்படிச் சுருங்கச் சுருங்க, ஒரு கவுண்டி வளருமா தேயுமா என்பதை இடம்பெயர்வே முடிவுசெய்யத் தொடங்கிவிடுகிறது.

இந்த எண்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? அவற்றை எவ்வளவு நம்பலாம்?

1790 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் அடித்தளம். அது ஏப்ரல் 1-ஆம் தேதி யார் எங்கே வசித்தார் என்று எண்ணுகிறதே தவிர, அவர் எங்கிருந்து வந்தார் என்று இப்போது கேட்பதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளுக்குக் கணக்கெடுப்பு அலுவலகம் ஜூலை 1-ஐ மையமாகக் கொண்டு மதிப்பீடுகளை வெளியிடுகிறது. இதற்குப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் எளிதில் கிடைத்துவிடும், சிக்கல் இடம்பெயர்வில்தான். ஊரை விட்டுப் போகிறவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போவதில்லை. எனவே 65 வயதுக்குட்பட்டோருக்கு வருமான வரிப் படிவத்தில் உள்ள முகவரியையும், முதியோருக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் பதிவில் உள்ள முகவரியையும் ஆண்டுக்காண்டு ஒப்பிட்டு, கவுண்டி மாறியவர்களைக் கணிக்கிறார்கள்.

வரித்துறை தன் பங்குக்கு, எந்தக் கவுண்டியிலிருந்து எந்தக் கவுண்டிக்கு எத்தனை வரிப்படிவங்கள் நகர்ந்தன, அவற்றோடு எவ்வளவு வருமானம் நகர்ந்தது என்ற அட்டவணையை வெளியிடுகிறது. யார் கையில் எவ்வளவு பணம் ஊர் மாறுகிறது என்று பார்க்க இதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. ஆனால் வரிப்படிவமே தாக்கல் செய்யாத வறியவர்களும் முதியவர்களில் ஒரு பகுதியினரும் இதில் விடுபட்டுப்போகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. இவை தவிர, 2005 முதல் நாடு முழுவதும் முழு அளவில் நடக்கும் அமெரிக்கச் சமூகக் கணிப்பு "ஓராண்டுக்கு முன் எங்கே வசித்தீர்கள்?" என்று கேட்கிறது. அது மாதிரிக் கணிப்பு என்பதால், சிறிய கவுண்டிகளுக்கு ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் கிடைக்கும். அப்போதும் பிழை வரம்பு சில சமயம் எண்ணையே விழுங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கும்.

சுருங்கச் சொன்னால், லாஸ் ஏஞ்சலிஸுக்கு வெளியாகும் ஆண்டு மதிப்பீட்டை ஓரளவு நம்பலாம். மூவாயிரம் பேர் வாழும் கவுண்டிக்கு வெளியாகும் ஆண்டு மாற்றத்தை நம்பி முடிவெடுக்க நான் தயங்குவேன். மேலும், ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டுகளின் மதிப்பீடுகளும் திருத்தப்படுகின்றன என்பதால், இரண்டு வெவ்வேறு ஆண்டு வெளியீடுகளிலிருந்து எண்களை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது தவறு.

அமெரிக்கர்கள் முன்பைவிட அதிகமாக இடம் மாறுகிறார்களா?

இல்லை, குறைவாகவே மாறுகிறார்கள். 1940-களின் இறுதியில் ஓராண்டுக்குள் வீடு மாறியவர்கள் ஐந்தில் ஒருவர். 2021-இல் அது 8.4 சதவீதம். ஓயாமல் இடம் மாறும் நாடு என்ற பிம்பம் மட்டும் இன்னும் பழைய கணக்கிலேயே நிற்கிறது.

மக்கள்தொகை முதுமையடைந்துவிட்டது, முதியவர்கள் எங்குமே குறைவாகத்தான் நகர்வார்கள். கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கும் குடும்பத்தில், ஒருவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தாலும் மற்றவருக்கும் அங்கே கிடைக்க வேண்டும். அண்மையில் இவற்றோடு வீட்டுக்கடன் வட்டியும் சேர்ந்துகொண்டது. 30 ஆண்டு நிலைவட்டிக் கடனின் சராசரி விகிதம் ஜனவரி 2021-இல் 2.65 சதவீதம் வரை இறங்கியது. அக்டோபர் 2023-இல் 7.79 சதவீதம் வரை ஏறியது. குறைந்த வட்டியில் கடன் வைத்திருப்பவர், வீட்டை விற்று வேறு கவுண்டியில் அதே விலைக்கு வீடு வாங்கினாலும் மாதத் தவணை பெருமளவு கூடிவிடும் என்பதால், இருக்கும் வீட்டை விட்டு அசைய மறுக்கிறார்.

மக்கள் சொல்லும் காரணங்கள் எவை?

கணக்கெடுப்பு அலுவலகம் ஆண்டுதோறும் இதை நேரடியாகவே கேட்கிறது. பத்தில் நான்கு பேர் அளவுக்கு வீடு சார்ந்த காரணத்தைச் சொல்கிறார்கள்: பெரிய வீடு, நல்ல வீடு, குறைந்த வாடகை, சொந்த வீடு. அடுத்தது குடும்பம் – திருமணம், மணமுறிவு, பெற்றோருக்கு அருகில் இருத்தல். வேலை அதற்கும் பிறகுதான் வருகிறது.

இதைப் படித்துவிட்டு வேலை முக்கியமில்லை என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும். வீடு மாறுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதே கவுண்டிக்குள்ளேயே மாறுகிறார்கள். அவர்களுடைய காரணங்கள் மொத்தக் கணக்கை வீட்டின் பக்கம் சாய்த்துவிடுகின்றன. தூரம் கூடக் கூட வேலையின் பங்கு ஏறுகிறது. அடுத்த கவுண்டிக்குப் போகிறவர் பெரும்பாலும் வேலையை மாற்றாமல் வீட்டை மட்டும் மாற்றுகிறார். ஆயிரம் மைல் தாண்டிப் போகிறவர் வேலைக்காகவோ, பேரக்குழந்தைகளுக்காகவோ, பனியைச் சுமந்த காலம் போதும் என்றோ போகிறார். பிரிட்டனின் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து புவியியலாளர் ரேவன்ஸ்டைன் 1885-இல் எழுதிய இரண்டு முடிவுகள் – இடம்பெயர்வோரில் பெரும்பாலோர் சிறிது தூரமே போகிறார்கள், ஒவ்வொரு பெரிய ஓட்டத்திற்கும் ஓர் எதிர் ஓட்டம் உண்டு – இன்றைய அமெரிக்கக் கவுண்டிகளுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

ஒரு கவுண்டி எப்படி இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது? ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

டல்லஸ் நகருக்கு வடக்கே உள்ள காலின் கவுண்டியை எடுத்துக்கொள்ளலாம்; பிளேனோ, மெக்கின்னி, ஆலன் ஆகிய நகரங்களும் ஃபிரிஸ்கோவின் ஒரு பகுதியும் இதில் அடங்கும். 1990-இல் இங்கே 2,64,036 பேர் இருந்தனர், 2000-இல் 4,91,675, 2010-இல் 7,82,341, 2020-இல் 10,64,465. முப்பது ஆண்டுகளில் நான்கு மடங்கு.

முதலில் இது டல்லஸ் கவுண்டியிலிருந்து புதிய வீடும் நல்ல பள்ளியும் தேடி வந்தவர்களின் புறநகராகத்தான் இருந்தது. டெக்ஸாஸின் பள்ளிகள் பெருமளவு உள்ளூர்ச் சொத்து வரியில் நடப்பவை. புதிய வீடுகள், உயர்ந்த மதிப்பு, கைநிறைய வரி, நல்ல பள்ளி, அந்தப் பள்ளிக்காக மேலும் வீடுகள் என்று ஒரு சுழற்சி தொடங்கிவிட்டால் அது தானே ஓடும். மேய்ச்சல் நிலமாகக் கிடந்த சமவெளியில் மலையோ கடலோ குறுக்கிடாததாலும், நிலப் பயன்பாட்டு விதிகள் கலிஃபோர்னியாவைப்போல இறுக்கமாக இல்லாததாலும், தேவை ஏறும்போது விலை மட்டும் ஏறாமல் வீடுகளின் எண்ணிக்கையும் ஏறியது. பெருகும் கவுண்டிகளைத் தேடுகிறவர்கள் வேலைவாய்ப்பைப் பார்ப்பதற்கு முன் கட்டட அனுமதிகளைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. வீடு கட்ட விடாத கவுண்டியில் எத்தனை வேலை இருந்தாலும் ஆட்கள் ஏறமாட்டார்கள், வாடகைதான் ஏறும்.

பிறகு நிறுவனங்கள் வந்தன. டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தைப் பிளேனோவுக்கு மாற்றுவதாக 2014-இல் அறிவித்து, 2017-இல் அங்கே புதிய வளாகத்தைத் திறந்தது. அதுவரை அதன் அமெரிக்க விற்பனைத் தலைமையகம் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் டோரன்ஸ் நகரில் இருந்தது. கென்டக்கியின் எர்லாங்கரில் இருந்த அலுவலகமும் இதோடு இணைக்கப்பட்டது. பிளேனோவுக்கு உறுதியளிக்கப்பட்டவை ஏறத்தாழ 4,000 வேலைகள். டெக்ஸாஸ் அரசு அதற்கென 4 கோடி டாலர் ஊக்கத்தொகை அளித்தது. டோரன்ஸில் நடுத்தர வீடு வாங்கவே திணறிய ஊழியர் ஒருவர், பிளேனோவில் அதைவிடக் குறைந்த விலையில் நான்கு படுக்கையறை வீட்டுக்குள் குடிபுக முடிந்தது.

இப்போது காலின் கவுண்டியின் தென்பகுதி நிரம்பிவிட்டது. பிளேனோவில் கட்டுவதற்குக் காலி நிலம் அதிகமில்லை. விலையும் பழைய விலை இல்லை. வளர்ச்சி வடக்கே செலினாவுக்கும் கிழக்கே பிரின்ஸ்டனுக்கும், டல்லஸுக்குக் கிழக்கே உள்ள காஃப்மன் கவுண்டிக்கும் நகர்ந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை சிற்றூராக இருந்த பிரின்ஸ்டனில் தண்ணீரும் சாலையும் காவலரும் போதாமல் போனதால், செப்டம்பர் 2024-இல் நகர மன்றம் புதிய குடியிருப்புக் கட்டுமானங்களுக்குத் தற்காலிகத் தடை விதிக்க நேர்ந்தது.

வருமான வரி இல்லாத மாநிலம் என்பதால்தான் டெக்ஸாஸுக்குப் போகிறார்களா?

வரி ஒரு காரணம்தான். ஆனால் பேச்சில் அதற்குக் கிடைக்கும் முக்கியத்துவம் அதன் உண்மையான எடையைவிட அதிகம். டெக்ஸாஸில் மாநில வருமான வரி இல்லை. அந்த இழப்பை உயர்ந்த சொத்து வரி ஈடுகட்டுகிறது. நடுத்தர வருமானமும் பெரிய வீடும் உள்ள குடும்பத்திற்கு மிச்சம் எதிர்பார்த்த அளவு இருக்காது. மிக உயர்ந்த வருமானம் உள்ளவருக்குத்தான் கணக்கு தெளிவாக டெக்ஸாஸ் பக்கம் சாய்கிறது.

வரி ஆட்களைப் போகவிடாமல் பிடித்துவைப்பதும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1978-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவின்படி, வீடு கைமாறும் வரை அதன் வரிமதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதமே உயரலாம். நாற்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர் செலுத்தும் வரிக்கும், பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கியவர் செலுத்தும் வரிக்கும் மடுவுக்கும் மலைக்குமான வேறுபாடு. பிள்ளைகள் போய்விட்ட பெரிய வீட்டில் முதிய தம்பதியர் நகராமல் இருப்பதற்கு இது ஒரு வலுவான காரணம். 55 வயதைக் கடந்தோர் பழைய வரிமதிப்பைப் புதிய வீட்டுக்கு எடுத்துச்செல்லலாம் என்ற சலுகை இருந்தபோதும், அது அதே கவுண்டிக்குள்ளோ, அதை ஏற்க இசைந்த சில கவுண்டிகளிலோ மட்டுமே செல்லுபடியானது. 2020-இல் நிறைவேறிய 19-ஆம் முன்மொழிவு, ஏப்ரல் 1, 2021 முதல் அச்சலுகையை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. கவுண்டி எல்லை என்ற காகிதக்கோடு ஒரு குடும்பத்தின் முடிவை எப்படிக் கட்டுப்படுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கவுண்டிகள் ஏன் காலியாகின்றன?

ஒரே காரணத்திற்காக இருந்த ஊர், அந்தக் காரணம் போனதும் காலியாகிறது. மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டி நிலக்கரியால் எழுந்தது. 1950-இல் அங்கே 98,887 பேர் வாழ்ந்தனர். அதன்பின் சுரங்கங்களில் இயந்திரங்கள் புகுந்து, நூறு பேர் வெட்டிய கரியைச் சிலரே வெட்டத் தொடங்கினர். பிறகு எஃகு ஆலைகளின் தேவையும் சுருங்கியது. கென்னடி ஆட்சியில் ஏழைகளுக்கான உணவுச்சீட்டுத் திட்டத்தை 1961-இல் மீண்டும் சோதனை முறையில் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த இடங்களில் இதுவும் ஒன்று. 2020-இல் எஞ்சியவர்கள் 19,111 பேர். மலையிடுக்குப் பள்ளத்தாக்குகளில் வேறு தொழில் அமைக்கச் சமதளமும் இல்லை. பெருநகரம் எதுவும் அருகில் இல்லை. 2016-இல் வால்மார்ட் கடையும் மூடப்பட்டபோது, மளிகைக்கே மலைச்சாலையில் நெடுந்தூரம் போக வேண்டியதாயிற்று.

கான்சஸின் ஜூவல் கவுண்டி வேறு வகை. 1862-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டப்படி 160 ஏக்கர் பெற்றுக் குடும்பங்கள் குடியேறிய பகுதி அது. 1900-இல் 19,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் ஒரு குடும்பமே ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிரிட முடிந்தது. நிலத்தில் விளைச்சல் குறையவில்லை. விளைவிக்கத் தேவையான கைகள் குறைந்தன. 2020-இல் அங்கே இருந்தவர்கள் 3,000-க்கும் குறைவு.

இத்தகைய கவுண்டிகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஓடிவிட்டார்கள் என்ற படம்தான் மனத்தில் எழுகிறது. தரவுகள் சற்று வேறாகச் சொல்கின்றன. நெடுங்காலமாகத் தேய்ந்துவரும் கவுண்டிகளிலிருந்து வெளியேறுவோரின் விகிதம் வளரும் கவுண்டிகளைவிட அதிகமாக இருக்க வேண்டியதில்லை. பல இடங்களில் குறைவாகவே இருக்கிறது. வளரும் கவுண்டிகள் வாடகைக்கு இருப்போரும் இளைஞர்களும் வந்துபோகும் இடங்கள் என்பதால், அங்கிருந்து வெளியேறுவோரும் ஏராளம். தேயும் கவுண்டியின் நோய், பள்ளிப் படிப்பு முடிந்ததும் போகிற பதினெட்டு வயதினருக்கு ஈடாக முப்பது வயதுக் குடும்பங்கள் வந்துசேராதது. எல்லா ஊரிலிருந்தும்தான் பிள்ளைகள் போகிறார்கள். சில ஊர்களுக்கு யாரும் வருவதில்லை. அரசியல் தலைவர்கள் "வெளியேற்றத்தைத் தடுப்போம்" என்று பேசும்போது தவறான கதவுக்குக் காவல் போடுகிறார்கள்.

தேய்ந்த கவுண்டி மீண்டதுண்டா?

உண்டு, ஆனால் எப்போதும் நிலைப்பதில்லை. வடக்கு டகோட்டாவின் மெக்கன்ஸி கவுண்டியில் 2010-இல் 6,360 பேர். பாக்கன் பாறைப்படிவத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் நுட்பம் கைகூடியதும், 2020-இல் அது 14,704 ஆயிற்று. அந்தப் பத்தாண்டில் சதவீத அளவில் நாட்டிலேயே மிக வேகமாக வளர்ந்த கவுண்டி இதுவே. வீடுகள் போதாமல், வாட்ஃபர்ட் சிட்டியைச் சுற்றித் தொழிலாளர்கள் தங்குவதற்கான தற்காலிகக் கொட்டகைகளும் வண்டிவீடுகளும் வரிசையாக முளைத்தன. 2014-க்குப் பிறகு எண்ணெய் விலை சரிந்தபோது பலர் மூட்டை கட்டினர். சிலர் குடும்பத்தை வரவழைத்துத் தங்கிவிட்டனர்.

கான்சஸின் ஃபின்னி கவுண்டி மீண்ட வழி நிதானமானது. 1980-இல் அங்கே பெரிய மாட்டிறைச்சி ஆலை ஒன்று திறக்கப்பட்டது. கடினமான அந்த வேலைக்கு வியட்நாமிய அகதிகளும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களும் பின்னர் சோமாலியரும் வந்தனர். இன்று மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதி லத்தீன் அமெரிக்க வழியினர். சுற்றியுள்ள பல கவுண்டிகள் சுருங்க, இது நிற்கிறது.

இடம் மாறி வருவோருக்குப் பணம் கொடுக்கும் திட்டங்களும் உள்ளன. ஓக்லஹோமாவின் டல்ஸா நகரில் 2018 முதல் ஓர் அறக்கட்டளை, வீட்டிலிருந்தே வேலைசெய்யக்கூடியவர்கள் அங்கே குடியேறினால் 10,000 டாலர் தருகிறது. டல்ஸா ஏற்கெனவே ஒரு நகரம் என்பதால் இது எடுபடுகிறது. மெக்டவலுக்கு அதே தொகையை அறிவித்தால் எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு முன் நடந்த பெரிய இடப்பெயர்வுகள் எவை?

மிகப் பெரியது, 1910-க்கும் 1970-க்கும் இடையே தெற்கு மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்குக்கும் மேற்குக்கும் சென்றது. இன ஒதுக்கல் சட்டங்களும் கும்பல் கொலைகளும் குத்தகை விவசாயத்தின் தீராக் கடனும் அவர்களைத் தள்ளின; சிகாகோ, டெட்ராய்ட் ஆலைகளின் கூலி இழுத்தது. 1930-களில் வறட்சியும் புழுதிப் புயலும் சமவெளி மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 25 லட்சம் பேரை வெளியேற்றின. இரண்டாம் உலகப் போருக்குப் பின், படைவீரர்களுக்கான வீட்டுக்கடனும் 1956-இல் தொடங்கிய நெடுஞ்சாலைத் திட்டமும் நகர மையங்களிலிருந்து புறநகர்க் கவுண்டிகளுக்கு மக்களைக் கொண்டுசென்றன. குளிர்சாதனக் கருவி வீட்டுக்கு வீடு வந்திராவிட்டால், அரிசோனாவின் மரிகோபா கவுண்டியில் 2020-இல் 44 லட்சம் பேர் வாழ்ந்திருக்க முடியாது.

1970-களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் தெற்குக்குத் திரும்பும் ஓட்டமும் தொடங்கியது. அதில் பெரும்பங்கு அட்லாண்டாவைச் சுற்றியுள்ள கவுண்டிகளுக்கு. அவற்றுள் ஒன்றான குவினெட், பல இனத்தாரும் குடியேறியதன் விளைவாக, 1970-இல் இருந்த 72,349 பேரிலிருந்து 2020-இல் 9,57,062 பேராகப் பெருகியது.

பேரிடருக்குப் பின் மக்கள் திரும்பி வருகிறார்களா?

ஒரு பகுதியினர் வருகிறார்கள். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு, 2000-இல் 4,84,674 பேர் இருந்த, நியூ ஆர்லியன்ஸ் நகரம் அடங்கிய ஆர்லியன்ஸ் பாரிஷில் 2010-இல் 3,43,829 பேரே இருந்தனர், 2020-இல் 3,83,997. பக்கத்து செயின்ட் பெர்னார்டு பாரிஷ் அதே முதல் பத்தாண்டில் 67,229-லிருந்து 35,897-ஆகச் சரிந்தது. யார் திரும்பினார்கள் என்பதைக் காப்பீடும் சொந்த வீடும் தீர்மானித்தன. வாடகைக்கு இருந்த ஏழைகளுக்குத் திரும்ப வீடே இல்லை.

நவம்பர் 2018-இல் காட்டுத்தீ கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரை எரித்தது. 85 பேர் இறந்தனர், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 2010-இல் 26,218 பேர் இருந்த நகரில் 2020-இல் 4,764 பேர். ஆனால் வீடிழந்தோரில் பலர் அதே பியூட் கவுண்டியின் சீக்கோ நகருக்குச் சென்றதால், கவுண்டிக் கணக்கில் மட்டும் பார்ப்பவருக்கு அந்த அழிவின் முழு அளவு தெரியாது.

கோவிட் காலத்தில் நடந்தது நிலையான மாற்றமா?

பாதி நிலைத்தது. ஜூலை 2020-க்கும் ஜூலை 2021-க்கும் இடையே லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி ஏறத்தாழ 1,60,000 பேரையும், மன்ஹாட்டன் அடங்கிய நியூயார்க் கவுண்டி ஏறத்தாழ 1,10,000 பேரையும் இழந்ததாக அப்போதைய மதிப்பீடு கூறியது. அடுத்த ஆண்டே மன்ஹாட்டன் மீண்டும் சற்று ஏறியது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் போனால் போதும் என்ற ஏற்பாடு மட்டும் பல இடங்களில் தங்கிவிட்டதால், பெருநகரத்தின் வெளிவட்டக் கவுண்டிகள் அதன் பயனை இன்னும் பெறுகின்றன.

எச்-1பி விசாவில் இருப்பவர் விருப்பம்போல் கவுண்டி மாறலாமா?

வீட்டை மாற்றலாம், புதிய முகவரியைப் பத்து நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சிக்கல் வேலையிடத்தில் உள்ளது. இந்த விசாவுக்கான தொழிலாளர் விண்ணப்பம் குறிப்பிட்ட வேலையிடத்திற்கும் அந்தப் பகுதியின் நிலவும் ஊதியத்திற்கும் கட்டுப்பட்டது. அதே பெருநகரப் பகுதிக்குள், எடுத்துக்காட்டாக டல்லஸ் கவுண்டியிலிருந்து காலின் கவுண்டிக்கு, வேலையிடம் மாறினால் பொதுவாகப் புதிய மனு தேவைப்படாது. ஆனால் அந்த விண்ணப்பம் பற்றிய அறிவிப்பைப் புதிய இடத்தில் ஒட்ட வேண்டும். பெருநகரப் பகுதியைத் தாண்டினால், 2015-இல் வந்த ஒரு மேல்முறையீட்டு முடிவின்படி நிறுவனம் திருத்திய மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டும். வீட்டிலிருந்தே வேலைசெய்பவருக்கு வீடே வேலையிடம் என்பதால், கலிஃபோர்னியாவில் பதிவான வேலையை வைத்துக்கொண்டு நிறுவனத்திடம் சொல்லாமல் டெக்ஸாஸில் குடியேறுவது விசா நிலைக்கே ஆபத்தாக முடியும். பெட்டி கட்டுவதற்கு முன் நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்பதே முறை.

"மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறுகிறார்கள்" என்ற செய்தியை எப்படி வாசிப்பது?

அது நிகர எண்ணா மொத்த எண்ணா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு கவுண்டியிலிருந்து 3,00,000 பேர் போய் 2,80,000 பேர் வந்திருந்தால், நிகர இழப்பு 20,000-தான். ஆனால் தலைப்பில் முதல் எண்ணே வரும். அடுத்து, உள்நாட்டு இடம்பெயர்வை மட்டும் சொல்லி வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை விட்டுவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். பெரிய துறைமுக நகரங்கள் உள்நாட்டுக் கணக்கில் பல பத்தாண்டுகளாகவே இழக்கின்றன. அயல்நாட்டிலிருந்து வருவோரும் பிறப்பும் அதை ஈடுசெய்து வந்தன.

சிறிய கவுண்டியில் திடீர் ஏற்றம் தெரிந்தால், புதிய சிறைச்சாலை ஏதாவது திறக்கப்பட்டதா என்று விசாரிப்பது நல்லது. கைதிகள் சொந்த ஊரில் அல்லாமல் சிறை இருக்கும் கவுண்டியில்தான் எண்ணப்படுகிறார்கள்; விடுதி மாணவர்களும் அப்படியே.

இந்த எண்களால் யாருக்கு என்ன பயன்?

நாடாளுமன்றக் கீழவையின் 435 இடங்கள் மாநிலங்களுக்குப் பிரிக்கப்படுவதும், மாநிலத்திற்குள் தொகுதி எல்லைகள் வரையப்படுவதும் கணக்கெடுப்பின் அடிப்படையில்தான். 2020-க்குப் பின் டெக்ஸாஸ் 2 இடங்களைக் கூடுதலாகப் பெற்றது. கலிஃபோர்னியா வரலாற்றில் முதன்முறையாக ஓர் இடத்தை இழந்தது. நியூயார்க் மாநிலம் 89 பேர் குறைந்ததால் ஓர் இடத்தை இழந்தது. சாலை, மருத்துவம், பள்ளி உணவு முதலியவற்றுக்கான கூட்டாட்சி நிதியும் இந்த எண்களையே பின்தொடர்கிறது என்பதால், ஆண்டு மதிப்பீட்டில் தங்களைக் குறைத்து எண்ணிவிட்டதாகக் கருதும் கவுண்டிகள், பிறப்பு, இறப்புப் பதிவேடு முதலியவற்றைக் காட்டி முறையீடு செய்யலாம். சான்று ஏற்கப்பட்டால் மதிப்பீடு திருத்தப்படும்.